கம்ப்ரஸரை மாற்றும் முன் காது கொடுத்துக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மண்டபத்துக்காரன். இங்கே ஓர் ஐஸ் கம்பெனியில் 31 வருஷம் கம்ப்ரஸர் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தங்கள் நாளிதழை வாசகர் கடிதங்களிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன். ஆனால் நான் எழுதுவது இதுவே முதல் தடவை. கடிதம் கொஞ்சம் நீளம்தான். சுருக்கிப் பார்த்தேன், சொல்ல வந்ததே விட்டுப்போகிறது. அதனால் முழுதாகவே அனுப்புகிறேன்.

என்னிடம் 1988 மாடல் கான்டெஸா கார் ஒன்று இருக்கிறது. பாம்பன் சாலைப் பாலம் திறந்த அதே வருஷத்து வண்டி. கீழக்கரையில் ஒரு வியாபாரக் குடும்பம் பத்திரமாக வைத்திருந்ததை 2004இல் வாங்கினேன். ஐசுஸு எஞ்சின், 1.8 லிட்டர். இந்த வண்டி தயாரிப்பு 2002இலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அது ஸ்டார்ட் ஆகும்போது எனக்கு மனசு நிறைகிறது. ஏ.சி.யை அந்தக் குடும்பத்தார் தனியாக வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். இரண்டு பிஸ்டன் வைத்த, நின்ற வாக்கில் இருக்கும் வார்ப்பிரும்புக் கம்ப்ரஸர். 2011இல் ஒரு வயதான மெக்கானிக், ஏ.சி.யில் குளிரூட்டும் பழைய ஆர்-12 கேஸ் இனிக் கிடைக்காது என்று சொல்லி, எண்ணெய், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் பாட்டில், இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் எல்லாம் மாற்றி ஆர்-134ஏ கேஸுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒழுங்கான வேலை. அதற்குப் பின் பல வருஷம் தொந்தரவே இல்லை.

சென்ற சித்திரையில் என் மனைவிக்கு மதுரையில் மூட்டு அறுவை சிகிச்சை. இங்கிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அக்கினி வெயிலில் ஏ.சி. இல்லாமல் அவளைக் கூட்டிப்போய் வர முடியாது. முதல் தடவை போய்த் திரும்பும்போதே பரமக்குடிக்கு முன்னால் எஞ்சின் பக்கம் ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் கொர்ரென்று, அப்புறம் இடையிடையே டொக் டொக்கென்று. போகிற வழியில் ஒரு கடையில் நிறுத்தினேன். அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்தார், ஏ.சி.யைப் போடச் சொன்னார், இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "கம்ப்ரஸர் போச்சு சார், மாத்திரணும்" என்றார்.

முப்பது வருஷம் கம்ப்ரஸர் சத்தத்தோடு குடித்தனம் நடத்திய நான் அன்றைக்கு எதிர்க்கேள்வி கேட்கவில்லை. பின்சீட்டில் அவள் காலை நீட்டிப் படுத்திருந்தாள். வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது. மறுவாரம் அதே கடையில் வண்டியை விட்டேன். அவர்கள் கேஸ் நிப்பிளை அழுத்தினார்கள். உஸ்ஸென்று இரண்டு மூன்று நிமிஷம். உள்ளே இருந்தது அத்தனையும் காற்றோடு போனது. பழைய கம்ப்ரஸர் காயலான் கடைக்கு எடைக்குப் போனது. அதே ரகத்தில் ரீகண்டிஷன் செய்த ஒன்றை மாட்டி 14,000 ரூபாய் வாங்கினார்கள்.

நாற்பது நாள்தான். அதே சத்தம், அதே டொக் டொக். இந்தத் தடவை வேறு கடை. அங்கேயும் முதல் வேலை உஸ். மறுபடியும் புதுக் கேஸ் ஏற்றினார்கள். "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும் ஐயா, கண்ணாடிய ஏத்திவிட்டுப் போங்க" என்று அனுப்பினார்கள்.

திரும்பி வந்த மறுநாள் ராமேசுவரத்தில் ஒரு சோலி. பாம்பன் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வந்தது. அப்போதுதான் உறைத்தது. அது ஒரு சத்தம் இல்லை, மூன்று சத்தம். மூன்றும் வேறு வேறு இடத்தில் பிறக்கிறவை. ஐஸ் கம்பெனியில் இரவு ஷிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம்.

தம்பி மகன் பாம்பனில் போட் எஞ்சின் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவனை வரச்சொல்லி இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தோம். என்ன செய்தோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பழைய அம்பாசடர், பத்மினி, கான்டெஸா வைத்திருக்கும் யாருக்கும் இது பயன்படும்.

முதலில் ஏ.சி.யைப் போடாமல் எஞ்சினை மட்டும் ஓடவிட்டோம். கொர்ரென்ற சத்தம் அப்போதும் இருந்தது. இது பெரிய துப்பு. ஏ.சி. அணைந்திருக்கும்போது கம்ப்ரஸருக்குள் எதுவும் சுற்றாது. வெளியே உள்ள புல்லி மட்டும் பெல்ட்டோடு சுற்றும், கிளட்ச் பிடித்தால்தான் உள்ளே தண்டு சுழலும். ஆக, ஏ.சி. அணைந்திருந்தும் சத்தம் வந்தால் கம்ப்ரஸரின் வயிற்றில் கோளாறு தேட வேண்டியதில்லை. கிளட்ச் பேரிங், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லி, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்றுதான்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோடு வைத்து, முனையை ஒவ்வோர் இடமாக ஊன்றிக் கேட்டேன். (துண்டு, வேட்டி நுனி எதுவும் தொங்கக் கூடாது. ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. இதில் அலட்சியம் வேண்டாம்.) ஆல்டர்னேட்டர் சுத்தம். வாட்டர் பம்ப் சுத்தம். ஐட்லர் புல்லியில் வைத்ததும் காதுக்குள் மணல் அரைத்தது. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிக் கையால் சுற்றினால் புல்லி நொடித்து நொடித்துச் சுற்றுகிறது. பேரிங்கைத் தட்டி எடுத்தோம். உள்ளே கிரீஸ் இல்லை, காவி நிறத்தில் துருப்பொடிதான். உப்புக் காற்று செய்த வேலை. புதுப் பேரிங் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. முதல் சத்தம் போனது.

அடுத்து ஏ.சி.யைப் போட்டு ஐட்லிங்கில் விட்டோம். கடகடவென்று ஒரு நடுக்கம். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் அடங்கிவிடுகிறது. தேய்ந்த கம்ப்ரஸர் அப்படி நல்ல பிள்ளையாக அடங்காது. இந்த மாதிரி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகும் நடுக்கம் பெரும்பாலும் பிடிமானத்தில்தான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால், கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட்டின் ஒரு போல்ட் ஓட்டை அரிசி மணி போல நீண்டுபோயிருக்கிறது. பக்கத்தில் மயிரிழை விரிசல். ரீகண்டிஷன் கம்ப்ரஸரை மாட்டியவர்கள் அதே ஓட்டையில் போல்ட்டை இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. அந்த டொக் டொக். ஏ.சி.யைப் போட்டவுடன் சில விநாடி பலமாக வரும், அப்புறம் குறையும், திரும்ப வரும். எனக்கு அடிவயிறு கலங்கியது. ஐஸ் கம்பெனியில் அந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போய், கம்ப்ரஸருக்குக் கேஸ் வரும் சக்‌ஷன் வால்வை அடைப்போம். கம்ப்ரஸர் ஆவியை அமுக்கத்தான் பிறந்தது. திரவம் அமுங்காது. கூலிங் காயிலில் முழுக்க ஆவியாகாமல் திரவமாகவே கேஸ் திரும்பி வந்தால், பிஸ்டன் அதை இடிக்கும். வால்வுத் தகடு உடையும். உள்ளே இருக்கும் எண்ணெயையும் அந்தத் திரவம் கழுவிக்கொண்டு போய்விடும். கம்ப்ரஸருக்கு வரும் தடித்த பைப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் போலச் சில்லென்று, கம்ப்ரஸர் தலை வரைக்கும் வியர்த்து வழிந்தது. திரவம் திரும்புகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

காரணம் தேடி டாஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்தோம். கூலிங் காயிலுக்குள் எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்று கட்டுப்படுத்துவது எக்ஸ்பான்ஷன் வால்வு. அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று வரும், அதன் நுனியில் ஒரு சிறிய குமிழ் இருக்கும். அந்தக் குமிழ், காயிலிலிருந்து வெளியேறும் பைப்போடு கிளிப் போட்டு இறுக்கி, மேலே டேப் சுற்றியிருக்க வேண்டும். பைப் குளிர்ந்தால் குமிழும் குளிர்ந்து வால்வைக் குறுக்கும். பைப் சூடானால் வால்வைத் திறக்கும். என் வண்டியில் கிளிப் துருப்பிடித்து அறுந்து, குமிழ் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அது பைப்பின் குளிரை உணரவே இல்லை. வண்டிக்குள் இருக்கும் சூட்டைத்தான் உணர்ந்தது. இன்னும் கேஸ் வேண்டும், இன்னும் வேண்டும் என்று வால்வை முழுக்கத் திறந்தே வைத்திருந்தது.

பத்து ரூபாய் கிளிப். முதல் நாளே அதைப் பார்த்திருந்தால் கீழக்கரையிலிருந்து வந்த அந்தக் கம்ப்ரஸர் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது காயலான் கடையில் எடைக்குப் போய்விட்டது. புதிதாக வந்ததும் நாற்பது நாள் திரவத்தை இடித்து இடித்துக் கெட்டுவிட்டது. கழற்றிக் கவிழ்த்தபோது எண்ணெய் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. வந்ததும் சாம்பல் நிறத்தில், வெயிலில் காட்டினால் மினுமினுவென்று உலோகத் தூள். ரீகண்டிஷன் செய்தவரிடம் போனில் கேட்டேன். ஆர்-12 காலத்து மினரல் எண்ணெய்தான் ஊற்றினாராம். அந்த எண்ணெய் ஆர்-134ஏ கேஸோடு கலக்காது. ஆர்-12இல் கேஸோடு கரைந்து ஒரு சுற்று சுற்றிக் கம்ப்ரஸருக்கே திரும்பிவிடும். 134ஏயில் கூலிங் காயிலின் அடியில் போய்த் தேங்கி நிற்கும். கம்ப்ரஸர் எண்ணெயில்லாமல் காய்ந்து ஓடும். இதற்கு பி.ஏ.ஜி. அல்லது எஸ்டர் என்கிற செயற்கை எண்ணெய்தான் வேண்டும். எந்த எண்ணெய் ஊற்றினீர்கள் என்று ஒரு கேள்வி, அதைக் கடையில் அன்றைக்கு யாருமே கேட்கவில்லை.

சரி, இனி என்ன செய்வது என்று வந்தபோது, அதே இரண்டு பிஸ்டன் ரகத்தைத் தேடி அலைய வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஐந்து பிஸ்டன் கம்ப்ரஸர் புதிதாகவே கிடைக்கிறது. சாண்டன் 508 என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதன் 134ஏ வடிவம், 5எச்14. ஒரு சுற்றுக்கு 138 மில்லி கொள்ளளவு. அதில் பிஸ்டன்கள் வட்டமாக நிற்கும். ஒரு சாய்ந்த தட்டு ஆட ஆட, ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வரும். ஓர் உரலில் இரண்டு பேர் பெரிய உலக்கையால் மாறி மாறிக் குத்தினால் திண்ணை வரைக்கும் அதிரும். ஐந்து பேர் சின்ன உலக்கையால் வரிசையாகக் குத்தினால் அந்த அதிர்ச்சி பரவி அடங்கிவிடும். அந்த வித்தியாசம்தான்.

இதில் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகிறது. ராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் கனமான தகட்டில் புதுப் பிராக்கெட் அடித்தோம். கிராங்க் புல்லி, ஐட்லர், கம்ப்ரஸர் புல்லி மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்து, இரண்டு தடவை வாஷர் வைத்துத் திருத்தினோம். இது கொஞ்சம் கோணினாலும் பெல்ட் கிறீச்சிடும், ஓரம் தேயும், மறுபடியும் "கம்ப்ரஸர் போச்சு" என்பார்கள். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது.

உலோகத் தூள் போன சிஸ்டத்தில் புதுக் கம்ப்ரஸரை அப்படியே மாட்டுவது, அடைத்த வாய்க்காலில் நல்ல தண்ணீரைத் திறந்துவிடுவது மாதிரி. கூலிங் காயிலையும் பைப்புகளையும் ஃப்ளஷ் அடித்து, நைட்ரஜன் விட்டு ஊதினோம். கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சரின் தகடுகளை உப்பு அரித்துத் தொட்டாலே உதிர்ந்தன, அதனால் அதை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. பழைய குழாய் ரகத்துக்குப் பதில் பேரலல் ஃப்ளோ ரகம் போட்டேன். 134ஏ கேஸுக்குச் சூட்டை வெளியேற்ற அது நல்லது. முன்னால் ஒரு மின்சார ஃபேன். எக்ஸ்பான்ஷன் வால்வு, டிரையர், ஓ-ரிங் எல்லாம் புதிது. இன்னொன்று, பழைய ஏ.சி.யில் பிரஷர் ஸ்விட்ச்சே கிடையாது. கேஸ் கசிந்து காலியானாலும் கம்ப்ரஸர் வறட்சியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது அழுத்தம் மிகக் குறைந்தாலும் மிக ஏறினாலும் கிளட்ச் தானே விட்டுவிடும்படி ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். பழைய வண்டிக்காரர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் வேக்கம், அதாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. எங்கள் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். பி.ஏ.ஜி. எண்ணெய் டப்பாவைத் திறந்து வைத்தால் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் உள்ளே போனால் வால்வின் சின்ன வாயில் ஐஸாக உறையும், நாளாக நாளாக அமிலமாகி உள்ளே அரிக்கும். முக்கால் மணி நேரம் வேக்கம் பம்ப் ஓடவிட்டு, பம்பை அணைத்து அரை மணி நேரம் கேஜ் முள் நகர்கிறதா என்று பார்த்தோம். நகரவில்லை. கேஸ் ஏற்றும் முன் கம்ப்ரஸர் தட்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றிவிட்டோம். உள்ளே தேங்கிய எண்ணெயை முதல் உதையிலேயே பிஸ்டன் இடிக்கக் கூடாது அல்லவா. கேஸைத் தராசில் வைத்துத்தான் ஏற்றினோம். கேஸ் ஓடுவதைப் பார்க்க வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியில் நுரை போகும் வரை ஏற்று என்பது ஆர்-12 காலத்துப் பழக்கம். 134ஏயில் அப்படிச் செய்தால் கூடுதலாகப் போய்விடும்.

வெளியே 36 டிகிரி இருந்த மதியம் காற்று வரும் வாயில் தெர்மாமீட்டர் வைத்தேன். 9 டிகிரி காட்டியது. கேஜில் தாழ்வழுத்தம் 35 பி.எஸ்.ஐ., உயரழுத்தம் 230 பி.எஸ்.ஐ. பாம்பன் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் கடல் சத்தம்தான் கேட்கிறது. என் மனைவி இப்போது முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறாள்.

இதை எல்லாம் எழுதியது என் வண்டியின் பெருமை பேச இல்லை. ஆசிரியர் அவர்களிடம் நான் உண்மையில் சொல்ல வந்தது அந்த உஸ் சத்தத்தைப் பற்றி.

புது வேலைக்காகப் பழைய கேஸை வெளியேற்ற வேண்டிய நேரம் வந்தபோது தம்பி மகன் நிப்பிளில் கை வைத்துவிட்டான். நான் தடுத்தேன். "பெரியப்பா, இது வெறும் காத்துதானே, ஒரு வாடைகூட இல்லையே" என்றான். அவன் சொன்னதில்தான் எல்லாமே இருக்கிறது. ஐஸ் கம்பெனியில் அம்மோனியா துளி கசிந்தாலும் கண் எரியும், மூச்சு முட்டும், தெருவே எழுந்துவிடும். கந்தகத் திரியைக் கொளுத்திக்கொண்டு குழாய் குழாயாகத் தேடுவோம், கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். அடைக்கும் வரை தூக்கம் கிடையாது. கார் கேஸுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை. அதனால் அது போவது யாருக்கும் உறைப்பதில்லை.

ஆர்-12 ஓசோன் படலத்தைத் தின்றது. அதனால்தான் 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியா 1992இல் சேர்ந்தது. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு. இந்த ரகக் கேஸ்களையும் குறைக்க 2016இல் ருவாண்டா நாட்டுக் கிகாலியில் ஒத்துக்கொண்டார்கள். நம் நாடும் 2021இல் அதை ஏற்றுக்கொண்டது.

என் வண்டி கொள்ளும் 700 கிராமைக் கணக்குப் போட்டேன். அது ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். என் வண்டி லிட்டருக்கு 9 கிலோமீட்டர் போகிறது. அப்படியென்றால் ஒரு தடவை அந்த நிப்பிளை அழுத்தியது, நான் மண்டபத்திலிருந்து மதுரைக்குப் பதின்மூன்று தடவை போய் வந்ததற்குச் சமம். மூன்று நிமிஷத்தில். அதுவும் இரண்டு கடையில் இரண்டு தடவை, இரண்டு தடவையும் தேவையே இல்லாமல்.

எங்கள் வாசலில் மன்னார் வளைகுடா இருக்கிறது. 21 தீவு, அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. 2010லும் 2016லும் தண்ணீர் சூடேறிப் பவளம் வெளுத்துப்போனது. அந்தப் பாறையை நம்பித்தான் மீன், மீனை நம்பித்தான் நான் வேலை பார்த்த ஐஸ் கம்பெனி, அதில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். என் காரால்தான் கடல் சூடானது என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சூட்டில் ஒரு பங்கை நம் ஊர்ப் பட்டறைகளில், ஒரு மனுஷனுக்கும் பிரயோஜனம் இல்லாமல், தினமும் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

மெக்கானிக் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கும் ரெக்கவரி மிஷின் என்று ஒன்று உண்டு என்பதே நான் கேட்ட மூன்று பட்டறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் ஒரு சின்னப் பட்டறை அதை வாங்க முடியாது. சில இடங்களில் விலை குறைவு என்று சமையல் கேஸையும் கலந்து ஏற்றுகிறார்கள். அது டாஷ்போர்டுக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும்.

என் கோரிக்கை இதுதான். நம் மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ.யில் ஒரு ரெக்கவரி மிஷின் வைக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் ஒரு சிறு கட்டணம் கட்டி அதை எடுத்துப்போய்ப் பயன்படுத்தித் திருப்பிக் கொடுக்கட்டும். ஏற்கெனவே தொழிலில் இருக்கிற பிள்ளைகளுக்கு, வேலை கெடாதபடி ஒரு ஞாயிற்றுக்கிழமையில், சத்தத்தைப் பிரித்துக் கேட்பதும் கேஜ் பார்ப்பதும் எந்தக் கேஸுக்கு எந்த எண்ணெய் என்பதும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அழைத்தால் நானும் வந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தயார். மாவட்ட நிர்வாகத்தின் பார்வைக்கு இதைத் தங்கள் நாளிதழ் கொண்டுபோனால் பெரிய உதவியாக இருக்கும்.

கடற்கரையில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய் வந்தால் அன்றைக்கே கண்டன்சரில் நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய மாவட்டம் நம்முடையது, குடத்துக்குக் காசு கொடுக்கிறோம், தெரியும். ஒரு குடம் போதும், மெதுவாக மேலிருந்து ஊற்ற வேண்டும். பம்ப் வைத்து வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். மழைக் காலத்திலும் வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஏ.சி.யை ஓடவிடுங்கள். ஓடாமல் கிடந்தால் தண்டு சீல் காய்ந்து கேஸ் கசியும்.

கடைசியாக ஒன்று. அன்றைக்குத் தம்பி மகன் கையைத் தடுத்துவிட்டு, பழைய ஐஸ் கம்பெனிக்குப் போய் இரண்டு பார் ஐஸ் வாங்கி வந்தேன். நொறுக்கித் தொட்டியில் போட்டு உப்பைக் கொட்டினேன். திரும்பத் திரும்பக் கேஸ் நிரப்பலாம் என்று முத்திரை உள்ள கெட்டிச் சிலிண்டர் ஒன்றை வேக்கம் செய்து அதற்குள் இறக்கி, வண்டியோடு ஹோஸ் மாட்டினோம். குளிர்ந்த இடத்தைத் தேடிக் கேஸ் தானாகவே போகும், அதுதான் அதன் குணம். சிலிண்டரை எடை போட்டால் 610 கிராம் கூடியிருந்தது. சாதாரண டிஸ்போசபிள் சிலிண்டரில் இதைச் செய்யக் கூடாது, சிலிண்டரை நிறைய நிரப்பவும் கூடாது, வெடிக்கும். பழகாதவர்கள் முயல வேண்டாம். மிஷின் கேட்பது அதற்காகத்தான்.

அந்தக் கேஸில் தப்பான எண்ணெய் கலந்திருக்கிறது, சுத்திகரிக்காமல் வேறு வண்டிக்கு ஏற்ற முடியாது. சிலிண்டர் என் வீட்டுக் கொட்டகையில் நிழலில் நிற்கிறது. யாரிடம் ஒப்படைப்பது என்று நான்கு இடத்தில் கேட்டுவிட்டேன், பதில் கிடைக்கவில்லை. அதை முறையாக வாங்கிக்கொள்ளும் இடம் எது என்று இந்தக் கடிதத்தைப் பார்க்கும் அதிகாரிகளோ வாசகர்களோ தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவித்தால், எவ்வளவு தூரமானாலும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐஸ் கம்பெனி ஆபரேட்டர்,
மண்டபம்.